டோக்கியோவில் மகளை இருமொழி மழலையர் பள்ளியில் சேர்த்தோம்

கடந்த ஏப்ரல் மாதம் எங்கள் மகளை டோக்கியோவின் எதோகாவா வார்டில், நாங்கள் குடியிருக்கும் நிஷி-கசாய்க்கு அருகே உள்ள ஜப்பானிய-ஆங்கில இருமொழி மழலையர் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். அன்று முதல் இப்பகுதியிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு வருகின்றன. கட்டணமே இல்லாத ஜப்பானியப் பள்ளி பக்கத்தில் இருக்க, நம் பாடத்திட்டத்தை நடத்தும் இந்தியப் பள்ளியும் எட்டும் தூரத்தில் இருக்க, இவ்வளவு பணம் கொடுத்து இருமொழிப் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் அது. வாசலில் நின்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் அன்று என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். வீட்டில் தமிழ் பேசும் ஒரு குடும்பம் ஜப்பானில் இருமொழிப் பள்ளியைத் தேடும்போது, அங்கே ஆங்கிலம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஜப்பானிய மொழி அங்கே எந்த அளவுக்கு உயிரோடு புழங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் தேடலில் மற்ற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான் அமைந்தன.

முதலில் இந்த ஊரின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. ஓர் ஆண்டு ஏப்ரல் 2 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் அனைவரும் ஒரே வகுப்பு. இந்தக் கோடு மிகக் கண்டிப்பானது. ஓராண்டு தள்ளிச் சேர்க்கலாமே என்ற பேச்சுக்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை. என் மகள் பிப்ரவரியில் பிறந்தவள். ஜனவரி முதல் ஏப்ரல் 1 வரை பிறந்த குழந்தைகளை இங்கே ஹயாஉமாரே என்பார்கள். வகுப்பிலேயே இளையவர்கள் அவர்கள்தான். மூன்று வயதில் பத்து மாத இடைவெளி என்பது சாதாரணமானதன்று. ஒரு குழந்தை தானே சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொள்ளும்போது இன்னொரு குழந்தைக்குக் காலணியின் இடது வலது தெரியாது. ஆகவே வகுப்பில் எத்தனை குழந்தைகள், ஒவ்வோர் ஆசிரியரிடமும் எத்தனை பேர் என்பவை எங்களுக்கு மொழிக்கு அடுத்தபடியாக முக்கியமான கேள்விகளாக இருந்தன.

ஜப்பானியப் பள்ளிகளில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. பெற்றோர் வேலைக்குச் செல்வதால் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகளுக்கான காப்பகம் ஹொய்குயென். மூன்று வயதிலிருந்து தொடக்கப் பள்ளி வரையிலான மழலையர் கல்விக்கூடம் யோச்சியென். முன்னது 2023 ஏப்ரலில் உருவாக்கப்பட்ட குழந்தைகள் மற்றும் குடும்பங்களுக்கான அரசு முகமையின் கீழும், பின்னது கல்வி அமைச்சகத்தின் கீழும் வருகின்றன. இரண்டின் பணியையும் சேர்த்துச் செய்யும் நிந்தெய் கொதொமோயென் என்ற வகை 2006-இல் அறிமுகமானது. 2019 அக்டோபர் முதல், அரசு அங்கீகாரம் பெற்ற இந்த இடங்களில் 3 முதல் 5 வயது வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. யோச்சியென் என்றால் மாதம் 25,700 யென் வரை அரசு ஏற்றுக்கொள்கிறது. வெளிநாட்டுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் பலர் அறிவதில்லை.

அப்படியானால் ஹொய்குயென்னில் சேர்த்திருக்கலாமே என்றால், அங்கே இடம் கேட்பவர் தமக்குக் குழந்தைக் காப்பு தேவை என்பதை வார்டு அலுவலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். பெற்றோர் இருவரின் வேலைச் சான்றிதழையும் வாங்கி, வேலை நேரத்துக்குத் தக்கபடி மதிப்பெண் போட்டு, மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்குகிறார்கள். தகுதி பெறவே மாதம் 48 முதல் 64 மணி நேரத்துக்குள் அந்தந்த உள்ளூராட்சி வகுத்திருக்கும் குறைந்தபட்ச வேலை நேரம் இருக்க வேண்டும். கணவரின் விசாவைச் சார்ந்து வந்திருக்கும் என்னைப் போன்றவர்கள், தனி அனுமதி பெற்ற பிறகும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். முழு நேரம் வேலை பார்க்கும் இணையரோடு ஒப்பிட்டால் எங்கள் மதிப்பெண் இயல்பாகவே கீழே போய்விடும். நான் அப்போது வேலையே தேடிக்கொண்டிருந்தவள். யோச்சியென்னுக்கு இந்தத் தடை இல்லை. டோக்கியோவின் தனியார் யோச்சியென்களில் அக்டோபர் 15 அன்று விண்ணப்பப் படிவம் கொடுத்து நவம்பர் 1 அன்று பெற்றுக்கொள்வது வழக்கம். அந்தத் தேதிகளைத் தவறவிடாமல் ஓர் இடத்தில் நாங்களும் படிவம் வாங்கிவைத்திருந்தோம். அன்பான பள்ளி அது, மணல்வெளியோடு நல்ல விளையாட்டு மைதானமும் இருந்தது. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். பெற்றோர் பங்கேற்க வேண்டிய பணிகள் ஏராளம். சுற்றறிக்கை முதல் கூட்டம் வரை எல்லாமே ஜப்பானிய மொழியில்தான். என் ஜப்பானிய அறிவு அப்போது கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் இருந்தது. குழந்தைக்கு உடல் நலமில்லை என்று ஆசிரியர் சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத இடத்தில் மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தியப் பள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004-இல் தொடங்கப்பட்ட இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் இன் ஜப்பானும், 2006-இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூலும் இந்தப் பகுதி இந்தியக் குடும்பங்களுக்குப் பெரிய துணை. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டிக் கணினித் துறையினர் பெருமளவில் வந்து தோசாய் ரயில் வழித்தடத்தை ஒட்டிக் குடியேறியபோது, பிள்ளைகள் ஊர் திரும்பினால் படிப்பு தொடர வேண்டுமே என்ற உண்மையான கவலைக்கு அப்பள்ளிகள் விடையாக வந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவது உறுதி என்றால் நானும் அங்கேதான் சேர்த்திருப்பேன். எங்கள் நிலை அப்படியில்லை. இன்னும் பல ஆண்டுகள் இங்கேதான் என்று முடிவு செய்த பிறகு, தான் வளரும் தெருவின் மொழி தெரியாமல் என் மகள் வளர்வதை நான் விரும்பவில்லை. பூங்காவில் சறுக்குமரத்தின் அடியில் நின்று மற்றக் குழந்தைகள் பேசுவதையே அவள் பார்த்துக்கொண்டிருப்பது என்னை மிகவும் வருத்தியது.

இவ்வாறுதான் இருமொழிப் பள்ளிகளைப் பார்க்கத் தொடங்கினோம். பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்', 'பைலிங்குவல்' என்று எழுதியிருக்கும் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பது சில இடங்களைப் பார்த்ததுமே புரிந்தது. பெரும்பான்மையானவை ஜப்பானியப் பெற்றோருக்காக நடப்பவை. வீட்டில் ஜப்பானிய மொழி பேசும் குழந்தைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக அவர்கள் பணம் கட்டுகிறார்கள். ஆகவே பள்ளியும் ஆங்கிலத்தை முன்னிறுத்துகிறது. சில இடங்களில் வளாகத்துக்குள் நுழைந்தால் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பெற்றோருக்கு அது சரியான ஏற்பாடுதான், ஏனென்றால் அவர்களுடைய குழந்தைக்கு ஜப்பானிய மொழி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. அதே பள்ளியில் தமிழ்க் குழந்தையைச் சேர்த்தால் நடப்பது வேறு. அதற்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், ஜப்பானிய மொழி எங்குமே இல்லை. டோக்கியோவின் நடுவில் இருந்துகொண்டே அம்மொழியிடமிருந்து முற்றாக விலகிவிடுகிறது.

எனவே பார்வையிடப் போன இடங்களில் பாட நேரத்தைவிட விளையாட்டு நேரத்தைப் பார்க்க அனுமதி கேட்டோம். மூன்று வயதில் மொழி பிறப்பது அங்கேதான். கட்டைகளை அடுக்கும்போது ஒரு குழந்தை இன்னொன்றிடம் "எனக்கு முதலில்" என்று எந்த மொழியில் சண்டை போடுகிறது, விழுந்து அழும் குழந்தையை ஆசிரியர் எந்த மொழியில் தேற்றுகிறார், பொம்மையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் சமாதானப் பேச்சு எத்தனை நேரம் நீள்கிறது, அதில் குழந்தையின் பதிலுக்கு ஆசிரியர் காத்திருக்கிறாரா என்பவற்றை நின்று கவனித்தோம். ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வாரநாள்களின் பெயர்களை எல்லோரையும் ஒன்றாகச் சொல்ல வைத்தார், பெற்றோர் கைதட்டினார்கள், அந்த அரைமணி நேரத்தில் எந்தக் குழந்தையும் தன் எண்ணத்தைத் தானாகச் சொல்லவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எப்போதும் ஜப்பானிய மொழியில்தான் பேசுகிறார், மற்றவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். மணியடித்து மொழி மாறுவதில்லை. குழந்தை யாரிடம் பேச விரும்புகிறதோ அவருடைய மொழிக்குப் போகிறது. மழை பெய்வதை ஜன்னலோரம் நின்று ஜப்பானிய ஆசிரியை நான்கு குழந்தைகளோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எங்கள் தேடல் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஆளோடு ஆள் பேசுவதன் ஆற்றலைப் பற்றி ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் இருந்து விளையாடிக் கதை சொன்னபோது, அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறனைப் பெற்றன. அதே உள்ளடக்கத்தைத் திரையில் காட்டியபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. 2006-இல் அதே குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, ஆறு முதல் எட்டு மாதங்களில் ஜப்பானியக் குழந்தைகளும் அமெரிக்கக் குழந்தைகளும் ரகர லகர வேறுபாட்டை ஏறத்தாழ ஒரே அளவில் கேட்டறிகின்றன; ஓராண்டை நெருங்கும்போது அமெரிக்கக் குழந்தைகளின் திறன் கூடுகிறது, ஜப்பானியக் குழந்தைகளின் திறன் குறைகிறது, ஏனென்றால் அவர்களின் மொழிக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. ரகரம், றகரம், லகரம், ளகரம், ழகரம் என்று ஐந்தையும் தொட்டிலிலேயே கேட்டு வளரும் நம் குழந்தைகளுக்கு அந்தக் கவலை இல்லை. ஆங்கிலத்தின் ஒலிகள் பிறகு வரும், காத்திருக்கலாம்.

இன்னொரு வகையிலும் தமிழ்க் குழந்தைக்கு ஜப்பானிய மொழி வசதியானது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும், ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளை மாற்றும் என்பது இரண்டு மொழிகளுக்கும் பொது. ஆங்கிலம் மட்டும் அறிந்து வருகிற பெரியவர்கள் 'ஒஜிசான்', 'ஒஜீசான்' என்ற இரண்டையும் குழப்பிக்கொண்டு சித்தப்பா வயதுக்காரரைத் தாத்தா என்று அழைத்துவிடுவதுண்டு. என் மகளின் காதுக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதும் அப்படியே நம்முடைய அமைப்புதான். இரு மொழிகளும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதிட்டதை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை ஒத்திருப்பது கற்கும் குழந்தைக்கு உதவுகிறது, எனக்கு அது போதும்.

மொழியைப் பார்த்து மனம் நிறைந்த பிறகும் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. இருமொழிப் பள்ளிகளில் மிகப் பல, அரசு அங்கீகாரத்துக்கு வெளியே இயங்கும் காப்பகங்கள் என்ற வகையில் பதிவானவை. அதனாலேயே தரம் குறைந்தவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சோதிக்கும் பொறுப்பு பெற்றோரின் மேல் கூடுதலாக விழுகிறது. மேற்பார்வைத் தரத்தை நிறைவு செய்ததாக உள்ளூர் அரசு வழங்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு அதைக் கண்ணால் பார்த்தோம். பராமரிப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராவது ஜப்பானியக் குழந்தைப் பராமரிப்பு உரிமமோ செவிலியர் தகுதியோ பெற்றிருக்க வேண்டும் என்பது அத்தரத்தின் ஒரு பகுதி. வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த உரிமம் பெறாதவர்கள் என்பதால், இருமொழிப் பள்ளியில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. அங்கீகாரம் பெற்ற இடங்களில் மூன்று வயதுக் குழந்தைகள் 20 பேருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2024-இல் 15 பேருக்கு ஒருவர் என்று மாற்றினார்கள். நாங்கள் சேர்த்த இடத்தில் அதைவிடவும் குறைவு.

எதோகாவா வார்டில் வாழ்பவர்கள் கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி வெள்ளத்தைப் பற்றியது. அரகாவா, எதோகாவா ஆறுகளின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இந்த வார்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலம். 2019 மே மாதம் வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, இங்கே இருக்கக் கூடாது என்று மக்களுக்கு எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. ஆகவே பள்ளி எந்தத் தளத்தில் இருக்கிறது, நிலநடுக்கம் வந்தால் எங்கே போவார்கள், பெருவெள்ள எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரம் முன்பே பள்ளியை மூடுவார்கள், தொலைபேசி வேலை செய்யாவிட்டால் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எழுத்தில் பதில் வைத்திருந்த பள்ளிகளும் உண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்ற பள்ளிகளும் உண்டு. குழந்தைக் காப்பகங்களில் மாதம் ஒரு முறையாவது வெளியேறும் பயிற்சி நடத்த வேண்டும் என்பது இங்கே விதி. பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மூன்று வயதுக் குழந்தைகள் மேசைக்கு அடியில் ஓசையில்லாமல் உட்காருவதைப் பார்த்தபோது இந்த நாட்டின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. 1923-இல் பெரும் நிலநடுக்கம் தாக்கிய செப்டம்பர் 1-ஐ ஒட்டி, பெற்றோர் நடந்து வந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் ஒத்திகையும் நடந்தது.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. டோக்கியோவின் முழுநேர இருமொழிப் பள்ளிகள் பலவற்றில் மாதக் கட்டணம் ஒரு லட்சம் யென்னைத் தாண்டுகிறது. அதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம், பொருள்கள், உணவு. அங்கீகாரம் இல்லாத காப்பகங்களுக்கும் 3 முதல் 5 வயது வகுப்புகளில் மாதம் 37,000 யென் வரை அரசு உதவி உண்டு. ஆனால் அதைப் பெறக் குழந்தைக் காப்பு தேவை என்ற சான்று வேண்டும், பள்ளியும் அந்தத் திட்டத்தில் வார்டின் உறுதிப்பாட்டைப் பெற்றிருக்க வேண்டும். சான்று கையில் வந்த நாளிலிருந்துதான் உதவி கணக்காகும், முந்தைய மாதங்களுக்குக் கிடைக்காது. இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு முதலில் சான்று, பிறகு சேர்க்கை என்று செல்வது நல்லது. நான் பகுதி நேர வேலை ஒன்றில் சேர்ந்த பிறகே எங்களுக்கு அது கிடைத்தது. அப்படியும் எங்கள் வருமானத்தில் இது பெரிய பங்கு. கார் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம், ஆண்டுதோறும் ஊருக்குப் போய்வருவதை ஒன்றுவிட்டு ஓராண்டாக மாற்றினோம்.

படிவங்களை நிரப்புவதில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஜப்பானியப் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கடவுச்சீட்டுக்காக என் கணவரின் பெயருக்குப் பின்னால் அவருடைய தந்தையின் பெயர், என் பெயருக்குப் பின்னால் என் தந்தையின் பெயர், மகளின் பெயருக்குப் பின்னால் என் கணவரின் பெயர் என்று மூன்று பேருக்கும் மூன்று 'குடும்பப் பெயர்'. ஒரே வீட்டில் ஏன் மூன்று பெயர் என்று எங்கு போனாலும் பணிவோடு கேட்பார்கள். மருத்துவமனையில் செவிலியர் என் கணவரின் பெயரைச் சொல்லி அழைத்தால் மகள் எழுந்து போக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதே இதை ஒரு தாளில் விளக்கி எழுதி, வகுப்பில் அவளை அவளுடைய சொந்தப் பெயராலேயே அழைக்குமாறு கேட்டுக்கொண்டோம். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அலமாரி, காலணிப் பெட்டி, தொப்பி எங்கும் அவள் பெயர்தான் இருக்கிறது. பிறந்த தேதியைச் சில படிவங்களில், பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்து எண்ணும் ரெய்வா ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டும். 2019 தான் ரெய்வா 1 என்பதால், ஆங்கில ஆண்டிலிருந்து 2018-ஐக் கழித்தால் போதும்.

தடுப்பூசிப் பட்டியலுக்கும் நேரம் ஒதுக்குங்கள். இங்கே பிறந்த குழந்தைகளுக்குத் தாய்-சேய் கையேட்டில் எல்லாம் வரிசையாக இருக்கும். ஊரில் பிறந்த குழந்தைக்கு நம்முடைய அட்டையைக் கொண்டுபோய்க் குழந்தை மருத்துவரிடம் காட்டி விடுபட்டவற்றைக் கேட்டறிய வேண்டும். காசநோய்த் தடுப்பூசியை நாம் பிறந்தவுடன் போடுகிறோம், இங்கே அது ஐந்து முதல் எட்டு மாதத்துக்குள். ஒன்பது ஊசி முனைகளைக் கொண்ட கருவியை இரண்டு முறை அழுத்துவார்கள். என் மகளின் தோளில் ஒரே ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்து மற்றக் குழந்தைகளின் அம்மாக்கள் வியப்போடு கேட்டிருக்கிறார்கள்.

முதல் வாரங்களில் நராஷி ஹொய்கு என்ற பழக்கும் காலம். முதலில் ஒரு மணி நேரம், பிறகு மதிய உணவு வரை, பிறகு உறக்கம் வரை என்று நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது கடினம். ஆனால் குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் உடல் வெப்பநிலை, தூங்கிய நேரம், உண்டது, மலம் கழித்தது எல்லாவற்றையும் ரென்ராகுச்சோ என்ற தொடர்பு நோட்டில் எழுதி அனுப்ப வேண்டும். மாலையில் அதிலேயே ஆசிரியரின் குறிப்பு வரும். வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அழைத்துப்போகச் சொல்வார்கள். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் ஜப்பானிய மொழியிலும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். என் ஜப்பானிய வாசிப்பு வளர்ந்தது இந்த நோட்டால்தான். முதலில் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படித்த நான், இப்போது ஜப்பானியப் பக்கத்தை முதலில் படிக்கிறேன், ஏனென்றால் மகள் செய்த சிறு சிறு செயல்கள் எல்லாம் அதில்தான் கூடுதலாக இருக்கின்றன.

உணவு எங்கள் பெரிய கவலைகளில் ஒன்று. நாங்கள் சைவம். ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீனை உலர்த்திச் சீவிய கட்சுஒபுஷியின் சாறு இருக்கும் என்பதால், பள்ளி உணவைத் தவிர்த்து வீட்டிலிருந்து பென்டோ கட்டித் தருகிறேன். ஒவ்வாமைக்காக உணவை விலக்கும் முறை இங்கே மிக ஒழுங்காக இருப்பதால், சைவம் என்பதையும் அதே படிவத்தில் எழுதி, பிறந்தநாள் கேக்கில் ஜெலட்டின் உண்டா என்பது வரை பேசி முடித்தோம். எதிர்பாராமல் வந்தது வேறொன்று. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கடினமான பருப்பு, கொட்டை வகைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பானின் நுகர்வோர் முகமை எச்சரிக்கிறது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும் என்பதால். நம் எலுமிச்சைச் சாதத்தில் வேர்க்கடலையும் தாளித்த கடலைப்பருப்பும் இல்லாமல் இருக்குமா? இப்போது இரண்டும் இல்லாமல்தான் தாளிக்கிறேன். திராட்சையையும் சிறு தக்காளியையும் நான்காக நறுக்கி அனுப்ப வேண்டும். இட்லியைச் சின்னத் தட்டில் ஊற்றி எடுத்து, மேலே நெய்யும் கொஞ்சம் பொடியும் தடவி அனுப்பினால் டப்பா காலியாக வருகிறது. தயிர்ச் சாதத்தை மட்டும் கோடையில் அனுப்புவதில்லை. இங்கே ஜூன் மாத ஈரப்பதத்தில் எதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

மொழியைப் பற்றி மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பலர் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள். கோடைக்காலம் வரை என் மகள் பள்ளியில் ஏறக்குறைய எதுவுமே பேசவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் அங்கே தலையசைப்பாள், கைகாட்டுவாள், அவ்வளவுதான். புதிய மொழிச் சூழலுக்குள் வரும் சிறு குழந்தைகளிடம் இத்தகைய மௌனக் காலம் வருவது பரவலாக அறியப்பட்ட ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாதங்களில் ஆசிரியை அவளைப் பேசச் சொல்லி ஒருமுறையும் வற்புறுத்தவில்லை. அவள் கைகாட்டியதை வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்வார், அத்தோடு விட்டுவிடுவார். இலையுதிர்காலத்தில் சொற்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது விளையாட்டு மொழி: என்னையும் சேர்த்துக்கொள், கடனாகக் கொடு, வேண்டாம், மறுபடியும். எல்லாம் ஜப்பானிய மொழியில், எல்லாம் மற்றக் குழந்தைகளிடமிருந்து. ஆங்கிலம் பாட்டும் கதையுமாக மெதுவாக வருகிறது, அதில் எங்களுக்கு அவசரமில்லை.

வீட்டில் நாங்கள் இருவரும் தமிழ் மட்டுமே பேசுகிறோம். "அம்மா, என் குட்சு எங்க?" என்று காலணியை ஜப்பானியப் பெயரால் கேட்டால், திருத்தாமல் "உன் செருப்பு வாசல்ல இருக்கு, எடுத்துக்கோ" என்று தமிழில் பதில் சொல்கிறோம். இந்த உறுதிக்குக் காரணம் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து ஆனிக் டெ ஹௌவர் 2007-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பெரும்பான்மை மொழியான டச்சு மொழியை எல்லாக் குழந்தைகளும் பேசின. வீட்டில் இன்னொரு மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அந்த மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டு மொழியைப் பேசிய குடும்பங்களில்தான் அது மிகுதியாக நிலைத்தது. ஜப்பானிய மொழியை என் மகளுக்கு டோக்கியோ நகரமே கற்றுக்கொடுக்கும். தமிழைக் கற்றுக்கொடுக்க அவளுக்கு எங்களையும், திரையில் தினமும் பேசும் அவளுடைய ஆச்சியையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அக்கறையுள்ள சிலர், குழந்தைக்குச் சிரமமாக இருக்கும், வீட்டிலும் ஜப்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் திக்கித் திக்கிப் பேசும் ஜப்பானிய மொழியால் அவளுக்கு என்ன பயன்? கோபம், கொஞ்சல், கதை, பழைய நினைவு எல்லாவற்றையும் முழுமையாகச் சொல்ல எனக்குக் கைகொடுப்பது தமிழ்தான். பள்ளியின் ஜப்பானிய ஆசிரியையும் இதையே வலியுறுத்தினார். அவள் தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவளாக வந்தால் மற்ற மொழிகளில் கதை சொல்ல வைப்பது தன் பொறுப்பு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

இனி வரும் முடிவு தொடக்கப் பள்ளி. ஆறு வயது நிறைந்த பிறகு வரும் ஏப்ரலில் முதல் வகுப்பு. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆனால் விரும்பினால் அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்ளலாம், அதற்கு வார்டு அலுவலகத்தில் நாமே விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். பிப்ரவரியில் பிறந்தவள் என்பதால் அங்கும் அவள்தான் வகுப்பில் இளையவர்களில் ஒருத்தியாக இருப்பாள். ஆகவே அதற்குள் ஹிரகானா எழுத்துகளோடு அ, ஆவையும் எழுதப் பழக்கி முடிக்க வேண்டும் என்று சனிக்கிழமைக் காலைகளை ஒதுக்கியிருக்கிறோம்.